ஓடுகாலிகளின் தரப்பு

வாசுதேவநல்லூரில் நாற்பது வயதைக் கடந்த ஒருவர் ஓடுகிறார் என்றால் அதற்கு மூன்று காரணங்களே இருக்க முடியும் என்பது ஊராரின் துணிபு. நாய் துரத்தியிருக்க வேண்டும். பேருந்து புறப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். நாயும் பேருந்தும் கண்ணில் படாத விடியற்காலையில் மூன்றாவது காரணமே முடிவாகிவிடுகிறது. "சுகரா சார்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் கனிவு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. "இல்லை அண்ணாச்சி, சும்மாதான்" என்று பதில் சொன்னால் கனிவு மறைந்து ஐயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நோய்க்காக ஓடுகிறவனை ஊர் பொறுத்துக்கொள்ளும். சும்மா ஓடுகிறவனை அதனால் பொறுக்க முடிவதில்லை.

நாங்கள் ஏழு பேர். எங்களில் இளையவருக்கு வயது நாற்பத்தொன்று, மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு. கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர், எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதுகிறவர், தையற்கடை வைத்திருப்பவர், செவிலியர், விருப்ப ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்று கலவையான கூட்டம். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஐந்தரை மணிக்குக் கூடுகிறோம். நானூறு மீட்டர் தூரத்தை விரைந்து ஓடுவது, இருநூறு மீட்டர் நடப்பது, மறுபடியும் நானூறு மீட்டர் ஓடுவது. இப்படி ஆறு தடவை. உடம்பு இணங்கும் நாளில் எட்டுத் தடவை. இதற்கு உலகம் முழுவதும் 'இன்டர்வல்' என்று பெயர். நாங்கள் இடைவேளை ஓட்டம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஊராரின் பேச்சு மிக மென்மையானது. கடுமையான பேச்சு எங்கள் சொந்த முகாமிலிருந்து, அதாவது சிற்றிதழ் படிக்கிற, புத்தகக் கண்காட்சிக்குப் போகிற, கூட்டம் நடத்துகிற நண்பர்களிடமிருந்து வருகிறது. அவர்களுடைய குற்றச்சாட்டு இரண்டு. ஓடுவது நடுத்தர வர்க்கத்தின் கேளிக்கை. வயலிலும் சூளையிலும் வேலை செய்கிறவன் ஓடுவதில்லை, அவனுக்கு அது தேவையுமில்லை என்பது ஒன்று. உடம்பைப் பேணுவதில் கவனம் வைக்கிறவனுக்கு எழுத்தின்மீது உண்மையான வெறி இருக்க முடியாது என்பது மற்றொன்று. இரண்டாவதை யாரும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒரு புன்சிரிப்பால் சொல்லுகிறார்கள்.

அந்தப் புன்சிரிப்பிலிருந்தே தொடங்குவோம். தமிழ் நவீன இலக்கியத்துக்கு நலிந்த உடம்பின்மீது ஒரு தீராத காதல் இருக்கிறது. எழுத்தாளன் என்றால் இருமவேண்டும், கன்னம் ஒட்டியிருக்கவேண்டும், நாற்பதைத் தாண்டாமல் இருந்துவிட்டால் இன்னும் சிறப்பு. பாரதி 38 வயதில் போனார். கு.ப.ரா. 1944-இல், 42 வயதில், கால் அழுகல் நோயால் இறந்தார். எங்கள் திருநெல்வேலிச் சீமையின் புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கும் 42தான். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தமிழ் எழுத்தாளனின் கைக்கு எட்டும் மருந்தாக இருக்கவில்லை. இந்தச் சாவுகளில் எதுவும் இவர்கள் தேர்ந்துகொண்டதன்று. வறுமையும் மருந்தின்மையும் கொன்ற மனிதர்களை 'உடம்பைப் பொருட்படுத்தாத மேதைகள்' என்று கொண்டாடுவது, அவர்களைப் பட்டினி போட்ட சமூகத்துக்கு நாம் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். புதுமைப்பித்தனுக்கு ஐம்பது வயது கிடைத்திருந்தால் தமிழ்ப் புனைகதை என்னவாகியிருக்கும் என்று ஏங்காத வாசகர் இருக்க மாட்டார். அந்த ஏக்கத்தையும் வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயதில் ஒருவன் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்தும் நகைப்பது எப்படி முடிகிறது?

மேடைகளில் திருமூலரை எடுத்தாளுகிறவர்கள் இதில் முதல் வரிசையில் இருக்கிறார்கள். உடம்பை முன்பு இழுக்கென்று எண்ணியிருந்ததாகவும் அதனுள்ளே இருப்பதை அறிந்தபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் அந்தச் சித்தர் சொன்னதை அவர்கள் கணீரென்ற குரலில் சொல்கிறார்கள். மேடையின் நான்கு படிகளை ஏறிய இரைப்பு அடங்கச் சற்று நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் சிக்கல் மொழிக்குள்ளேயே இருக்கிறதோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. தமிழ் இலக்கியத்தில் நடைக்குக் கிடைத்த மரியாதை ஓட்டத்துக்குக் கிடைக்கவில்லை. பாணன் நடக்கிறான், ஆற்றுப்படை என்ற வகையே நடப்பவர்களுக்காகப் பிறந்தது. கண்ணகி புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கிறாள். ஓடுவது யார்? போர்க்களத்தில் முதுகு காட்டியவன். மகன் புறமுதுகிட்டான் என்ற பேச்சைக் கேட்டுக் களத்துக்கு வாளோடு புறப்பட்ட முதிய தாயைப் பற்றிக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுப் பாட்டைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது. சிதைந்து கிடந்த மகனைக் கண்டு அவள் மகிழ்ந்தாள் என்பதை வீரம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பூலித்தேவர் கோட்டை கட்டி நின்ற ஊர் எங்களுடையது. யூசுப்கானின் படை ஒருமுறை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய கோட்டை அது. "பூலித்தேவன் மண்ணில் பிறந்துவிட்டு ஓடுகிறீர்களே வாத்தியாரய்யா" என்று தேநீர்க்கடையில் ஒரு பெரியவர் கேட்டது வெறும் கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுச் சொற்கிடங்கு நிற்கிறது.

அன்றாடப் பேச்சில் எல்லாமே ஓடுகின்றன. பேருந்து ஓடுகிறது, படம் ஓடுகிறது, சீட்டு ஓடுகிறது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது. மனிதன் ஓடினால் மட்டும் அது வசையாகிவிடுகிறது. பெண் என்றால் வசை இரட்டிக்கிறது. காதலனோடு போன பெண்ணைச் சங்கப் புலவர்கள் 'உடன்போக்கு' என்ற அழகிய சொல்லால் குறித்தார்கள். அதில் போவது இருக்கிறது, உடன் போவது இருக்கிறது. இன்றைய நம் வாயில் அவள் 'ஓடிப்போனவள்'. அதிலிருந்து ஒரு சிறு அடி எடுத்து வைத்தால் 'ஓடுகாலி'. எங்கள் குழுவின் செவிலியர் முதல் மாதத்தில் தம் காதுபட இந்தச் சொல்லைக் கேட்டார். இரவுப் பணி முடித்துப் பேருந்து இறங்கி, வீட்டுக்குப் போகுமுன் நான்கு சுற்று ஓடிவிட்டுப் போகிறவர் அவர். சொன்னவரின் தாயாருக்குச் சர்க்கரைப் புண் கட்டு மாற்றிவிடுகிறவரும் அவரே. அவர் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக வைக்கலாம் என்று சொன்னதும் அவர்தான். (ஓட்டாண்டி என்பதும் இதன் உறவு என்று எண்ணிவிடக் கூடாது. அது கையில் ஏந்தும் திருவோட்டிலிருந்து வந்தது. கல்வியாளர் ஒருவர் குழுவில் இருந்தால் இத்தகைய தொல்லைகள் உண்டு.)

பாரதி ஓடச் சொன்னார் அல்லவா என்று கேட்கலாம். பாப்பாப் பாட்டில் அவர் ஓடச் சொன்னது பாப்பாவை. பாப்பாவின் அப்பாவையும் அம்மாவையும் அல்ல என்று தமிழ்ச் சமூகம் மிகக் கறாராகப் பொருள் கொண்டுவிட்டது.

இனி, வர்க்கக் குற்றச்சாட்டு. இதைச் சொல்லுகிற நண்பர்கள்மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. அவர்கள் மனிதர்களைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள். அதனாலேயே விரிவாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது. உழைப்பே உடற்பயிற்சி என்பது அவர்களுடைய அடிப்படை. இந்தப் பகுதியின் உழைப்பு எது என்று அவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும். திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஆயிரமாயிரம் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, முதுகு வளைந்து, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. விரல்கள் பறக்கின்றன, மற்ற உடம்பு அசைவதே இல்லை. இது உழைப்பில்லை என்று யார் சொல்ல முடியும்? இது உடற்பயிற்சி என்றுதான் யார் சொல்ல முடியும்? சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடத்தில் நிற்கிறவருக்கும் இதே கதைதான், நிற்பதும் உட்காருவதும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. கிராமப்புற வயதுவந்தோரிலும் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் அதில் அடக்கம். சர்க்கரை நகரத்தாரின் நோய் என்ற சொல் காலாவதியாகிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. கடும் உடலுழைப்பு செய்யும் ஆண்கள், உழைப்புக் குறைந்த வேலையில் இருக்கும் ஆண்களைவிட முன்னதாக இறக்கும் வாய்ப்பு 18 விழுக்காடு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. ஓய்வு நேரத்தில் உடம்பை வருத்துகிறவர்களுக்கோ ஆயுள் கூடுகிறது. ஆய்வாளர்கள் இதை உடலியக்க முரண் என்கிறார்கள். வறுமையும் புகைப்பழக்கமும் உணவும் இந்தக் கணக்கில் கலந்திருக்கக்கூடும் என்ற மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. என்றாலும் அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று எங்களை உலுக்கியது. மூட்டை சுமக்கிறவர் எட்டுப் பத்து மணி நேரம் தாழ்ந்த வேகத்தில், முறிவில்லாமல், தாம் விரும்பியபோது நிறுத்த முடியாமல் உழைக்கிறார். அவருடைய இரத்த அழுத்தம் நாள் முழுவதும் ஏறியே இருக்கிறது. உடம்பு மீண்டெழ நேரம் கிடைப்பதில்லை. ஒரே வரியில் சொன்னால், அவருக்கு இடைவேளை இல்லை.

எங்கள் பயிற்சியின் பெயரை இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 1930-களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து இந்த முறையை வகுத்தார்கள். குறுகிய தூரம் ஓடி இதயத்துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்றுவது; பிறகு அது 120-க்கு இறங்கக் காத்திருப்பது. ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கவில்லை என்றால் ஓட்டம் அளவு மீறிவிட்டது என்று பொருள், அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதயம் வலுப்பெறுவது ஓடும்போதன்று, ஓடி முடித்தபின் வரும் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் என்பது ரைண்டெலின் கருத்து. பிற்காலத்தார் அதைத் திருத்தினார்கள். ஓட்டத்துக்கும் பங்குண்டு என்றார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வேகத்துக்கு வைத்த பெயரன்று, ஓய்வுக்கு வைத்த பெயர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அந்த உலகச் சாதனையை முறியடிக்க 1955 வரை ஆயிற்று.

ஆகவே தோழர்களே, நீங்கள் எங்களைக் கேலி செய்ய எடுத்த ஆயுதம் உங்களுடைய சொந்த வரலாற்றுக்கு எதிரானது. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் எதற்காக நடந்தது? இடைவேளைக்காக. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்தபோது நம் எல்லோரையும் கலங்க வைத்தது எது? எங்கள் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றார்கள் என்பது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வருவதற்கு 2021 ஆகிவிட்டது. ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இவை எல்லாம் இடைவேளையைப் பற்றிய சண்டைகள். ஓய்வும் அந்த ஓய்வில் விரும்பியபடி உடம்பை வருத்திக்கொள்ளும் உரிமையும் உழைப்பாளிக்கு வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவை அவனுக்குத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்வது யாருடைய குரல்? முதலாளிகூட இவ்வளவு துணிவாகச் சொல்லமாட்டார். எங்கள் தையற்கடைக்காரர் பண்டிகை நாட்களில் பதினாறு மணி நேரம் மிதிப்பலகையில் கால் வைத்திருக்கிறவர். ஓடும் இருபது நிமிடத்தில்தான் இந்தக் கால் தன்னுடையது என்று தெரிகிறது என்று அவர் சொன்னார். அவரிடம் போய் நடுத்தர வர்க்கக் கேளிக்கை என்று சொல்லிப் பாருங்கள். சட்டைக்கு அளவு எடுக்கும்போது கழுத்தைச் சற்று இறுக்கிவிடுவார்.

கேளிக்கை என்ற சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெருநகரங்களில் ஓட்டம் வணிகமாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம், பதக்கம், பனியன், மணிக்கட்டில் ஒரு கருவி, அந்தக் கருவி சொன்னதை உலகுக்கு அறிவிக்க ஒரு செயலி. ஓடியதைவிட ஓடியதை அறிவித்த நேரம் அதிகம். அதன்மீது எங்களுக்கும் ஒவ்வாமை உண்டு. எங்களிடம் இருப்பது ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் ஒரு நிறுத்துக் கடிகாரமும் ஒரு விசிலும்.

இலக்கியவாதிகளுக்கு ஓட்டம் என்றவுடன் நினைவுக்கு வருவது தனிமை. ஆலன் சில்லிட்டோ 1959-இல் நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை என்றே கதைக்குப் பெயர் வைத்தார். 33 வயதில் ஓடத் தொடங்கிய முரகாமி, ஓட்டத்தைப் பற்றிய தம் நூலை 2007-இல் வெளியிட்டபின் அது இலக்கிய அங்கீகாரம் பெற்ற தனிமையாகவே ஆகிவிட்டது. முரகாமி ஓடினால் தியானம், முத்துசாமி ஓடினால் சர்க்கரை. இருக்கட்டும். நாங்கள் சொல்ல வருவது வேறு. வட்டத்தில் ஓடும் இடைவேளை ஓட்டம் தனிமைக்கு நேரெதிரானது. சாலையில் ஐவர் ஓடத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வலியவர் கண்ணுக்கு மறைந்துவிடுவார், மெலியவர் பின்தங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வட்டத்தில் யாரும் தொலைந்துபோவதில்லை. எங்களில் விரைந்தவர் நானூறு மீட்டரை 85 விநாடியில் முடிக்கிறார், மெதுவானவருக்கு 140 விநாடி ஆகிறது. முன்னவர் நடந்து மூச்சு வாங்கும் நேரத்தில் பின்னவர் வந்து சேர்ந்துவிடுகிறார். அடுத்த ஓட்டம் எல்லோருக்கும் ஒரே கோட்டிலிருந்து தொடங்குகிறது. ஆறு தடவை பிரிகிறோம், ஆறு தடவை கூடுகிறோம். அந்த நடையில் பேசும் பேச்சுக்கு முழு வாக்கியம் கிடையாது. பாதி மூச்சு, பாதிச் சொல். மகளின் கல்லூரிக் கட்டணம், எலுமிச்சை விலை, மாமியாரின் கண்புரை, ஒருமுறை சம்பத்தின் 'இடைவெளி' நாவல். சாவைப் பற்றிய அந்த நாவல் 1984-இல் வெளியான சமயத்தில் அவர் உயிரோடு இல்லை என்பதைத் தமிழாசிரியர் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. மீதியை அடுத்த சுற்றின் முடிவில்தான் சொல்ல முடிந்தது.

நட்பு இங்கே வெறும் அலங்காரமா என்று கேட்பவர்கள் ரோஜர் பானிஸ்டரின் கதையைப் பார்க்கலாம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலில் கடந்தவர். அவர் முழுநேர வீரரல்லர். இலண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். மதிய வேளையில் கிடைத்த சொற்ப நேரத்தில், கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே என்னும் நண்பர்களோடு 440 கெஜத்தைப் பத்துத் தடவை, நடுவே இரண்டிரண்டு நிமிடம் ஓய்வெடுத்து ஓடிப் பழகினார். சுற்றுக்கு 61 விநாடி என்ற இடத்தில் வந்து ஏப்ரலில் அப்படியே தேங்கிவிட்டார்கள். என்ன செய்தும் 60-க்குக் கீழே இறங்கவில்லை. பானிஸ்டரும் பிராஷரும் ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார்கள். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி. சாதனை நாளன்று முதலில் பிராஷரும் பிறகு சாட்டவேயும் முன்னால் ஓடி வேகத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். உலகம் ஒருவரின் பெயரைத்தான் நினைவில் வைத்தது. அது உலகத்தின் வழக்கம்.

சாவைப் பற்றியும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டார் அதைத்தான் பேசுகிறார்கள். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது, உடற்பயிற்சி செய்கிற அத்தனை பேர் மீதும் வீடுகளில் விசாரணை நடந்தது. இதே விசாரணை அமெரிக்காவில் 1984-இலேயே நடந்தது. ஓட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ் ஓடப் போன இடத்தில் 52 வயதில் விழுந்து இறந்தார். அவருடைய தந்தை 43 வயதிலேயே இதயநோயால் இறந்தவர் என்பதையும், 35 வயது வரை ஃபிக்ஸ் கடும் புகைப்பழக்கம் உள்ளவராக இருந்தார் என்பதையும் கேலி பேசியவர்கள் சொல்லாமல் விட்டார்கள். 2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்தபோது, இதயம் நின்றுபோனவர்கள் 59 பேர். அவர்களில் இறந்தவர்கள் 42 பேர். நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகரில் உல்ரிக் விஸ்லாஃப் குழுவினர் இதயச் செயலிழப்பு கொண்ட 27 பேரை, சராசரி வயது 75, எடுத்துக்கொண்டு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு நிமிடம் விரைவு, பிறகு தணிவு, இப்படி நான்கு தடவை என்று பன்னிரண்டு வாரம் பயின்றவர்களின் ஆக்சிஜன் உட்கொள்ளும் திறன் 46 விழுக்காடு கூடியது. சீரான நடை நடந்தவர்களுக்கு 14 விழுக்காடு. அதே ஊரில் எழுபது வயதைக் கடந்த 1,567 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2020-இல் வந்த ஆய்வு, இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று சொன்னது. அதையும் சொல்கிறோம். நாங்கள் சாகாவரம் விற்கவில்லை. ஓடத் தொடங்குமுன் ஏழு பேரும் இதயப் பரிசோதனை செய்துகொண்டோம். முதல் மூன்று மாதம் நடந்தோம், மெல்ல ஓடினோம், அதற்குப் பிறகே விசில் வந்தது. செவிலியர் விடுத்த நிபந்தனை அது.

எங்கள் ஊரில் விடியற்காலையில் ஓடுகிற இன்னொரு கூட்டமும் உண்டு. காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் பயிற்சி செய்யும் இளைஞர்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். தென்மாவட்டங்களில் ஓட்டம் என்பதற்கு இன்றைய பொருள் இதுதான்: அரசு வேலைக்கு ஒரு படி. வேலை கிடைத்தவன் ஓட்டத்தை விட்டுவிடுகிறான், வயது வரம்பு தாண்டியவனும் விட்டுவிடுகிறான். "உங்களுக்கு எப்ப சார் செலக்‌ஷன்?" என்று ஒரு பையன் எங்கள் மண்டிக் கணக்கரைக் கேட்டான். அதில் கேலி இல்லை. தேர்வு இல்லாமல் ஒருவர் ஓடக்கூடும் என்பது அவன் எண்ணத்தில் வரவே இல்லை. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்காசிரியர் வாங்கிக்கொண்ட பள்ளிகளில் படித்து வந்தவன் வேறு எப்படி எண்ணுவான்? அவர்களும் நாங்களும் ஒரே மைதானத்தில் ஓடியபோது, உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கும் விசில் ஊதினார். இருவர் தேறினார்கள்.

ஓடியபோது என்று இறந்தகாலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அந்த மைதானம் ஒரு பள்ளிக்கு உரியது. பெயர் வேண்டாம். ஆறு மாதம் கதவு திறந்திருந்தது. ஒருநாள் பூட்டுத் தொங்கியது. மாணவர்களின் பாதுகாப்பு என்று முதலில் சொன்னார்கள். மாணவர்கள் ஒன்பது மணிக்கு வருகிறார்கள், நாங்கள் ஏழுக்குள் போய்விடுகிறோம் என்றோம். பிறகு, பெரியவர்களுக்கு மைதானம் எதற்கு என்றார்கள். கடைசியில் தயங்கித் தயங்கி, ஒரு பெண்ணும் வருகிறார், நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் என்றார்கள். மூன்றாவது காரணமே முதற்காரணம் என்பது எங்கள் துணிபு. செவிலியரை நிறுத்திவிட்டு மற்ற அறுவரும் வாருங்கள் என்று ஒரு குறிப்பும் காட்டப்பட்டது. நாங்கள் போகவில்லை.

சாலையில் ஓடினால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் சாலையைப் பார்த்ததில்லை. கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் புகுந்து போகிறது. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் விடியுமுன் விரைகின்றன. நூறு வயதில் டொரன்டோவில் மாரத்தான் ஓடி முடித்த ஃபௌஜா சிங், 2025 ஜூலை 14 அன்று, 114 வயதில், ஜலந்தர் அருகே தம் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி இறந்தார். ஓட்டம் அவரைக் கொல்லவில்லை. 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் நடைக்காக இங்கிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறிப் போகிறவர் யார்?

இப்போது நாங்கள் ஊருக்கு மேற்கே வறண்ட கண்மாயின் உள்வாயில் ஓடுகிறோம். முறையான ஓடுதளத்தில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், இரண்டு அரைவட்டங்கள், ஆரம் 36.5 மீட்டர். உடற்கல்வி ஆசிரியர் நடுவில் முளையடித்து, கயிறு கட்டிச் சுழற்றி, சுண்ணாம்புத் தூள் தூவி அந்த வட்டத்தை வரைந்து கொடுத்திருக்கிறார். ஆடுகள் கோட்டை மதிப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகினால் எங்கள் ஓடுதளம் கெளுத்திக்கும் விராலுக்கும் போய்விடும். பெருகவேண்டும் என்றுதான் ஊரோடு சேர்ந்து நாங்களும் வேண்டிக்கொள்கிறோம்.

ஆகவே கேட்பது இதுதான். பள்ளி, கல்லூரி மைதானங்களைக் காலையில் இரண்டு மணி நேரம், விடுமுறை நாட்களையும் சேர்த்து, ஊராருக்குத் திறந்துவிட வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், தேர்வுக்கு ஓடுகிறவருக்கும் சும்மா ஓடுகிறவருக்கும். செலவு ஒன்றுமில்லை. ஒரு கதவு, சாவிக்குப் பொறுப்பாக ஒருவர், வந்துபோகிறவர்கள் பெயரெழுத ஒரு பதிவேடு. பதிவேட்டை எழுதும் வேலையை ஏற்க எங்கள் மண்டிக் கணக்கர் முன்வந்திருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக எலுமிச்சை மூட்டைக்குக் கணக்கெழுதிய கை. ஒரு பெயரும் விடுபடாது.